போய்ட்டு வாங்கக்கா

மரியசெல்வியின் இடது கை சித்திரை வெயிலிலும் குளிர்ந்தே இருக்கும். தண்ணீரில் கையை விட்டு எடுத்த குளிர்ச்சி இல்லை அது, எலும்புக்குள்ளிருந்து வருவது. திண்டுக்கல்லில் மூன்று டாக்டர்களிடமும் மதுரையில் ஒருவரிடமும் காட்டிவிட்டாள். நரம்பு நன்றாக இருக்கிறது, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மதுரை டாக்டர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று விட்டார். பிறகு தன் உள்ளங்கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். அதோடு அவள் யாரிடமும் காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

நாகல் நகரில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் அவளுடைய சிகிச்சை அறை இருந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பச்சைத் திரை, சுவரில் மாதா படம். மாதாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பத்திரிகைச் செய்தி. கடையும் மாடியும் நசீம் பானுவின் குடும்பத்துக்குச் சொந்தம். ஐம்பது வயதைத் தாண்டிய நசீம் பானு, வீட்டு வேலை முடிந்ததும் மாடிக்கு வந்து, படியோரம் பெஞ்சில் காத்திருப்பவர்களோடு பேசிக்கொண்டிருப்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் செய்தியைச் சொல்வதும் அவள்தான்.

“பேப்பர்லயே போட்டாங்க. நத்தம் ரோட்டுல பஸ் கவுந்துச்சே, நாலு வருஷம் முன்னாடி. அதுல இவளும் மாட்டிக்கிட்டா. பக்கத்துல ஒரு பொண்ணு, ஜீவிதான்னு பேரு, இருபத்திநாலு வயசு. சீட்டுக்கு அடியில நசுங்கிக் கெடந்திருக்கு. அந்தப் பொண்ணு கைய இவ முக்கால் மணி நேரம் பிடிச்சிருந்தா. உசுரு போற வரைக்கும் விடல. அந்தக் கையிதான் இது. ஆண்டவன் குடுத்த கை.”

கேட்பவர்கள் கண்கலங்கி உள்ளே வருவார்கள்.

விபத்துக்கு முன் மரியசெல்வி ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவள். விபத்துக்குப் பிறகு ஏழெட்டு மாதம் தூக்கமில்லை. பஸ் ஹாரன் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு விறைத்துவிடும். யாரோ சொல்லி மதுரையில் ஒரு தொடு சிகிச்சை வகுப்பில் சேர்ந்தாள். முதலில் நோயாளியாகப் போனவள், மெல்ல அடுத்தவர் உடம்பில் கை வைக்கக் கற்றுக்கொண்டாள். அடுத்தவர் வலியில் மனதை வைத்திருக்கும்போது தன் நெஞ்சின் படபடப்பு அடங்குவதைக் கண்டாள். தூக்கம் திரும்பி வந்தது. அப்போதுதான் இடது கையின் விசேஷமும் தெரிந்தது. யாருடைய முதுகிலாவது அதை வைத்தால் அது தானாக நகரும். வலி இருக்கும் இடத்துக்குப் போய் நிற்கும். அவள் எதுவும் கேட்க வேண்டியதில்லை. குளிர் பட்டதும் அவர்களுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போடும். பிறகு பெருமூச்சு விடுவார்கள். வலி குறைந்துவிடும்.

ஒரு புரட்டாசி மாதத்தில் நசீம் பானு அதை முதலில் கவனித்தாள்.

“செல்வி, ஒண்ணு கேக்கவா? இப்ப எறங்கிப் போச்சே அந்தப் பொண்ணு, என்ன சொல்லிட்டுப் போச்சு?”

“வாரேன்னு சொல்லிச்சு.”

“இல்ல. ‘போய்ட்டு வாங்கக்கா’ன்னு சொல்லிச்சு. போறது அது. உன்னைய எதுக்குப் போய்ட்டு வரச் சொல்லுது?”

மரியசெல்வி துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

“வாய் தவறிச் சொல்லியிருக்கும் நசீமக்கா.”

“நேத்து ஒருத்தரும் அதையேதான் சொன்னாரு. ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு வயசுக்கு உன்னைய அக்காங்கிறாரு.”

மறுநாள் வந்தவர்களில் நான்கு பேர் அப்படிச் சொன்னார்கள். பேகம்பூரிலிருந்து வந்த கறிக்கடைக்காரர் சொன்னார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் சொன்னாள். எல்லோரும் படியில் முதல் கால் வைத்த பிறகு, திரும்பிப் பார்க்காமல், ஒரே மாதிரி சன்னமான குரலில் சொன்னார்கள். நசீம் பானு கறிக்கடைக்காரரைப் படியிலேயே மறித்தாள்.

“பாய், இப்ப என்ன சொன்னீங்க?”

“வாரேம்மான்னேன். ஏன்?”

“போய்ட்டு வாங்கக்கான்னு சொன்னீங்க.”

“நானா? என்னம்மா வெளையாட்டு இது?” அவர் உண்மையிலேயே கோபப்பட்டார்.

அன்று நசீம் பானு செருப்பைக்கூட மாட்டாமல் கீழே இறங்கிப் போனாள். மரியசெல்வி அறைக்குள் தன் இடது கையை மடியில் வைத்து, வலது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கைக்கு அடியில் அது மெதுவாக அசைந்தது.

சனிக்கிழமைகளில் அவள் சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவாள். விடியற்காலையிலிருந்து பூப்பறித்து விரல் மரத்துப்போன பெண்களுக்கும், களையெடுத்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்களுக்கும் இலவசமாகச் சிகிச்சை செய்வாள். ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் இருக்கும் நாடக மேடையில் ஜமக்காளத்தை விரித்தால் போதும், பத்துப் பதினைந்து பேர் கூடிவிடுவார்கள். நமக்குக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள். சொல்லும்போது அது உண்மையாகவே இருக்கும். ஆனால் மூன்று வருடங்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊருக்கும் போனவள், ஜீவிதாவின் ஊருக்கு மட்டும் போகவில்லை. அந்த ஊரின் பெயர்ப்பலகை வந்ததும் பஸ் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஐப்பசி முதல் சனிக்கிழமை. முகாம் முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டும்போது புவனேஸ்வரி வந்து நின்றாள். குதிகால் வலிக்காக வாரம் தவறாமல் வருகிற பூக்காரப் பெண்.

“அக்கா, எங்க சித்தி ஒருத்தவுகளுக்குக் கை தூக்கவே வரல. ரெண்டு வருஷமாச்சு. இங்க வரமாட்டேங்குறாக. வண்டியில ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருவமா? பக்கத்து ஊருதான்.”

எந்த ஊர் என்று மரியசெல்வி கேட்கவில்லை. வண்டி புளியமரங்களைத் தாண்டி இடது பக்கம் திரும்பியபோது தெரிந்துவிட்டது. இறங்கிவிடலாம் என்று நினைத்தாள். புவனேஸ்வரியின் தோளில் வைத்திருந்த இடது கை அவளை இறங்க விடவில்லை. அது தோளை அழுத்திப் பிடித்திருந்தது.

மணி இரண்டு இருக்கும். தெருவில் ஒரு ஆள் இல்லை. வெயில் சுவர்களில் வெள்ளையாக நின்றது. தகரக் கொட்டகைக்கு அடியில் கட்டியிருந்த ஆடுகள் வண்டிச் சத்தத்துக்குக் கத்தத் தொடங்கின. மரியசெல்வி வாசலில் கால் வைத்ததும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டன.

உள்ளே சுவரில் ஜீவிதாவின் படம். மஞ்சள் சுடிதார், நெற்றியில் சின்னப் பொட்டு. அதற்குக் கீழே ஒரு பாயில் மாயம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபதுக்கு நெருக்கமான வயது. வலது கை மடியில் கிடந்தது.

“வாங்க தாயி” என்றாள். “நீங்க யாருன்னு தெரியும். பேப்பர்ல பாத்தேன். சுத்துப்பட்டு அம்புட்டு ஊருக்கும் வாரீக, இங்க மட்டும் வரல. மனசு தாங்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

புவனேஸ்வரி ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தாள். பிறகு தண்ணீர் கொண்டுவர அடுப்படிக்குப் போனாள்.

“எந்தக் கை தாயி?”

“இடது கைங்கம்மா.”

“அந்தக் கையக் குடுங்க. செத்த நேரம் பிடிச்சுக்கிறேன். எம்மக கடைசியாப் பிடிச்ச கை.”

மரியசெல்வி பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போலத் தோள்பட்டையில்தான் கையை வைத்தாள். அங்கேதான் வலி இருக்க வேண்டும். கை அங்கே நிற்கவில்லை. புஜத்தின் வழியாக இறங்கி, முழங்கையைக் கடந்து, மாயம்மாளின் மணிக்கட்டைச் சுற்றி இறுகிக்கொண்டது. சுண்டு விரல் மட்டும் சுற்றவில்லை. உள்பக்கமாக மடங்கிக்கொண்டது. மரியசெல்வி விரலை நீட்டிப் பார்த்தாள். நீளவில்லை. கையை இழுத்தாள். வரவில்லை.

மாயம்மாள் குனிந்து அந்தச் சுண்டு விரலையே பார்த்தாள்.

“சின்னப் புள்ளையில கதவுல வச்சு நசுக்கிக்கிட்டா” என்றாள் மெதுவாக. “அதுலருந்து அந்த வெரல மடக்கித்தேன் பிடிப்பா. சந்தைக்குக் கூட்டிப் போனா இப்பிடித்தேன் என்னையப் பிடிச்சுக்கிருவா. இத நீங்க எப்பிடித் தாயி...”

பேச்சு பாதியில் நின்றது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். முகத்தில் இருந்த சுருக்கங்கள் தளர்ந்தன. வாய் லேசாகத் திறந்தது. அதிலிருந்து வந்தது அந்த வயதுக்குரிய குரல் இல்லை.

“போய்ட்டு வாங்கக்கா.”

அடுப்படி வாசலில் புவனேஸ்வரியின் கையிலிருந்து சொம்பு விழுந்தது. தண்ணீர் தரையில் ஓடி வந்து மரியசெல்வியின் பாதத்தைத் தொட்டது.

“சித்தி? யாரச் சொல்ற?”

மாயம்மாள் கண் திறந்தாள். “நான் என்னடி சொன்னேன்?”

“போய்ட்டு வாங்கக்கான்னு சொன்ன.”

“நானா சொன்னேன்? அவதான யாரு வெளிய கெளம்புனாலும் அப்பிடிச் சொல்லுவா.” மாயம்மாள் மரியசெல்வியின் பக்கம் திரும்பினாள். அவளுடைய கண்கள் கூர்மையாகிவிட்டன. “ஒங்களுக்கு எதுக்குத் தாயி மேலு இப்பிடி ஆடுது?”

மரியசெல்வி சொல்லிவிட்டாள்.

“நான் கடைசி வரைக்கும் பிடிச்சிருக்கலம்மா. விட்டுட்டேன். வெளியிலருந்து ஜன்னல் கம்பிய அறுத்துட்டு ஒவ்வொருத்தரா வாங்கன்னாங்க. டீசல் வாடை அடிச்சுச்சு, தீப்பிடிச்சுரும்னு யாரோ கத்துனாங்க. நான் எந்திரிக்கப் பாத்தேன். விட்டுறாதீங்கக்கான்னா. கெட்டியாப் பிடிச்சிருந்தா. நான் வலது கையால அவ வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சேன். பிரிச்சு முடிச்சதும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பத்தான் சொன்னா, போய்ட்டு வாங்கக்கான்னு. நானும் வாரேன்னு சொல்லிட்டு வெளிய போனேன். ரோட்டோரத்துல உக்காந்து தண்ணி குடிச்சேன். திரும்பிப் பாக்கல. அவள வெளிய கொண்டுவாரப்ப உசுரு இல்ல.”

“பேப்பர்ல?”

“கையப் பிடிச்சிருந்தேன்னு சொன்னேன். கடைசி வரைக்குமான்னு அந்த நிருபர் கேட்டாரு. தலைய ஆட்டிட்டேன்.”

வீட்டுக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்று எங்கும் படவில்லை. மரியசெல்வியின் விரல்கள் இன்னும் அந்த மணிக்கட்டில்தான் இருந்தன.

“அழுதாளா?” என்று கேட்டாள் மாயம்மாள்.

“இல்லம்மா. கால் எதுவும் தெரியலன்னா.”

“தண்ணி கேட்டாளா?”

“கேட்டா. குடுக்க எதுவும் இல்ல.”

“அப்பத் தனியாத்தேன் போனா.”

“ஆமாம்மா.”

மாயம்மாள் தன் இடது கையைக் கொண்டுவந்தாள். மரியசெல்வியின் பெருவிரலை எடுத்து விலக்கினாள். பிறகு ஆள்காட்டி விரலை. அவசரப்படவில்லை. மரியசெல்வி இழுத்தபோது அசையாத விரல்கள் அவளுக்கு இசைந்து கொடுத்தன. கடைசியில் மடங்கியிருந்த சுண்டு விரலைத் தன் விரல்களுக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விட்டாள்.

“நாலு வருசமா ஒருத்தி கையப் பிடிச்சுக்கிட்டுத்தேன் போனான்னு நெனச்சு ஒறங்குனேன்” என்றாள். “அந்த ஒறக்கத்தையும் எடுத்துட்டீக. வெளிய போங்க.”

திண்டுக்கல் வரும் வரை பஸ்ஸில் மரியசெல்வியின் கை வலித்தது. முதலில் ஊசி குத்துவது போல், பிறகு கொதிதண்ணீரில் முக்கியது போல். அதை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள். பஸ் நிலையத்தில் இறங்கும்போது இரண்டு கையும் ஒரே சூட்டில் இருந்தன.

மாடி ஏறிப் போய் முதல் வேலையாகச் சட்டம் போட்ட செய்தியைக் கழற்றினாள். நசீம் பானுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நசீம் பானு பெஞ்சில் உட்கார்ந்து முழுதும் கேட்டாள்.

“நீ பயந்து ஓடுனதச் சொல்லல செல்வி. அந்த எடத்துல நானும் ஓடியிருப்பேன்” என்றாள். “இத்தன பேர்ட்ட நான் என் வாயால சொன்னேனே, அதத்தான் தாங்க முடியல. என்னையும் பொய் சொல்ல வச்சுட்ட.”

ஒரு வாரம் அவள் மாடிக்கு வரவில்லை.

இடது கை மற்றவர்களின் கை மாதிரி ஆகிவிட்டது. முதுகில் வைத்தால் வைத்த இடத்திலேயே இருந்தது. வருகிறவர்களிடம் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எதைத் தூக்கினீர்கள் என்று மரியசெல்வி கேட்கத் தொடங்கினாள். வகுப்பில் படித்துவிட்டு மறந்துபோயிருந்த பாடங்களை மறுபடி எடுத்துப் பார்த்தாள். செய்தி எங்கே என்று கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னாள். சிலர் எழுந்து போய்விட்டார்கள். ரயில்வேக்காரர் போகவில்லை. “என் இடுப்பு வலி அப்பிடியேதானம்மா இருக்கு, நான் எங்க போக?” என்றார். ஒரு மணி நேரம் சிகிச்சை எடுத்துக்கொண்டு, “வாரேம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கினார். அன்றுதான் நசீம் பானு திரும்ப வந்திருந்தாள். படியோரத்தில் நின்று அதைக் காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு பெஞ்சைத் துடைக்கத் தொடங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை மரியசெல்வி நேராக ஜீவிதாவின் ஊருக்கே போய் மந்தையில் ஜமக்காளத்தை விரித்தாள். அங்கே எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். அதற்கடுத்த சனிக்கிழமை புவனேஸ்வரி மட்டும் குதிகாலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வாரம் தூறலாக இருந்தது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மரியசெல்வி ஒதுங்கியிருந்தபோது, மழைக்குத் தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு மாயம்மாள் வந்தாள்.

“மன்னிச்சுட்டேன்னு நெனைக்க வேணாம்” என்றாள், உட்காருவதற்கு முன்பே. “கார்த்திகை வருது. பூப்பறிக்கக் கை தூக்கணும். அம்புட்டுத்தேன்.”

“சரிங்கம்மா. எங்க வலிக்குது?”

“தோள்ல. எறங்கி முழங்கை வரைக்கும்.”

சேலைத் தலைப்பை விலக்கியபோது மணிக்கட்டில் அந்தத் தடம் தெரிந்தது. நான்கு விரல்கள் சுற்றிய நீலத் தடம். மூன்று வாரமாகியும் மங்கவில்லை. மரியசெல்வி தொடப் போனாள். மாயம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

“அதத் தொட வேணாம். அது வலிக்கல.”

தை பிறப்பதற்குள் மாயம்மாளின் கை தோள் உயரத்துக்கு வந்தது. அது வரை இருவரும் வலியைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. ஒரு சனிக்கிழமை மாயம்மாள் திடீரென்று கேட்டாள்.

“முக்கா மணி நேரம் ஒங்ககூட இருந்தால்ல? என்னென்ன பேசுனா?”

மரியசெல்வி அந்த முக்கால் மணி நேரத்தை நான்கு வருடங்களாக மூடி வைத்திருந்தாள். மெல்லத் திறந்தாள். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக நினைவுக்கு வந்ததைச் சொன்னாள். கம்ப்யூட்டர் சென்டரில் முதல் மாதச் சம்பளம் வாங்கியது. அம்மாவுக்கு வாங்கிய ரவிக்கைத் துணி பையில் இருப்பதாகவும், அது நசுங்கியிருக்குமே என்றும் வருத்தப்பட்டது. செவலை ஆடு அந்த வாரம் ஈன வேண்டும் என்று சொன்னது. “ரெட்டைக் குட்டி” என்பாள் மாயம்மாள். “ஈனுச்சு. அப்புறம் என்ன சொன்னா?” அவள் அழுவதில்லை. கண்ணை மூடி, கையைக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மாசி மாதம் ஒருநாள் மரியசெல்வி சொல்லிக்கொண்டே வந்து தடுமாறினாள்.

“அப்புறம் மேகம் கட்டியிருந்துச்சு. மழை வருமாக்கான்னு கேட்டா. அதுக்கு நான் என்னமோ சொன்னேன். என்னன்னு நெனப்பு வரல.”

“வந்தா பஸ்சுக்குள்ளயே ஒழுகும்னு சொன்னீக” என்றாள் மாயம்மாள், கண்ணைத் திறக்காமல். “அவ சிரிச்சா. சிரிச்சா நெஞ்சு வலிக்குதுக்கான்னு சொன்னா.”

மரியசெல்வி அதை அவளிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது கேட்ட பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. ஆமாம், அவள் அப்படித்தான் சொன்னாள், ஜீவிதா சிரித்தாள்.

அவள் மாயம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அது அமைதியாக இருந்தது. மணிக்கட்டில் அந்த நீலத் தடம் அப்படியே இருந்தது. மரியசெல்வி விட்ட இடத்திலிருந்து தோளை அமுக்கத் தொடங்கினாள். தாழ்வாரத்தின் மறுமுனையில் புவனேஸ்வரி, காத்திருந்த பெண்களில் அடுத்த ஆளை எழுந்து வரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.